ஜி. என். பாலசுப்பிரமணியத்தின் கச்சேரி ஒலிநாடாக்கள்

ஜி. என். பாலசுப்பிரமணியம் (6 ஜனவரி 1910 – 1 மே 1965) கருநாடக இசைப் பாடகர், வாக்கேயக்காரர். பாட்டின் சொல்லையும் மெட்டையும் தாமே அமைப்பவரை வாக்கேயக்காரர் என்பர். ரசிகர்கள் ஜி.என்.பி. என்றே அழைப்பார்கள். அவர் மேடையில் பாடியபோது ஸ்பூல் டேப்பில் பதிவான கச்சேரிகள் அவருடைய கலைக்கு முதன்மையான சான்றுகள். அவற்றுள்ளும் தம் சொந்தக் கிருதிகளை அவரே பாடும் பகுதிகள் அரியவை. இக்கட்டுரை அந்தப் பதிவுகள் ஏன் அரியவை ஆயின, அவற்றை எப்படி அடையாளம் காண்பது, எப்படிக் காப்பது என்பவற்றை விளக்குகிறது.

பாடகரும் பாட்டுக்காரரும்

மாயூரத்தை அடுத்த கூடலூரில் பிறந்த ஜி.என்.பி.யின் தந்தை ஜி. வி. நாராயணசாமி ஐயர் சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியர்; இசையை நன்கு அறிந்தவர். மகன் ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. ஆனர்ஸ் படித்தார். 1928இல் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் முசிரி சுப்பிரமணிய ஐயர் பாட வேண்டிய கச்சேரிக்கு அவர் வர இயலாமல் போக, அந்த இடத்தில் பாடியதே ஜி.என்.பி.யின் முதல் கச்சேரி. பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இசைப் பட்டய வகுப்பில் டைகர் வரதாச்சாரியாரிடம் பயின்றார். 1940இல் வெளிவந்த ‘சகுந்தலை’ படத்தில் எம். எஸ். சுப்புலட்சுமியுடன் நடித்தார். 1958இல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது. 1964இல் திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியின் முதல்வரானார். அடுத்த ஆண்டே மறைந்தார்.

அவர் இயற்றியவை சுமார் 250 கிருதிகள் என்பது பொதுவான கணக்கு. சமஸ்கிருதம், தெலுங்கு, தமிழ் ஆகிய மூன்று மொழிகளிலும் எழுதினார். சிவசக்தி, அமிர்த பெஹாக் போன்ற புதிய இராகங்களையும் அமைத்தார். ஆனால் மேடையில் அவர் பெரும்பாலும் தியாகராசர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி ஆகியோரின் உருப்படிகளையே பாடினார். தம்முடையவற்றைப் பாடுவதில் அவருக்குக் கூச்சம் இருந்தது. அவற்றை மேடைக்குக் கொண்டு வந்தவர்கள் எம். எல். வசந்தகுமாரி முதலான மாணவர்களே. ரஞ்சனி இராகத்தில் அமைந்த ‘ரஞ்சனி நிரஞ்சனி’ இன்று பல மேடைகளில் ஒலிக்கிறது. கேட்பவர்களில் பலருக்கு அது யார் இயற்றியது என்பது தெரியாது.

இயற்றியவர் குரல்

தியாகராசர் 1847இல் மறைந்தார். எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைச் செய்தது 1877இல். இடையில் சரியாக முப்பது ஆண்டுகள். ஆகவே தியாகராசர் தம் பாட்டை எப்படிப் பாடினார் என்பது யாருக்கும் தெரியாது. சீடர், சீடரின் சீடர் என்று வந்த வழிகளே உண்டு, அவையும் ஒன்றோடு ஒன்று வேறுபடும். சுரக்குறிப்புப் புத்தகம் இருந்தாலும் போதாது. ‘ரி’ என்று ஓர் எழுத்து அச்சில் இருக்கும். அந்த ‘ரி’யை எவ்வளவு அசைக்க வேண்டும், எங்கிருந்து பிடித்து எங்கே விட வேண்டும் என்பது அச்சில் வராது. அந்த அசைவே கமகம். கருநாடக இசையின் உயிர் அதில்தான் இருக்கிறது.

ஒரு வாக்கேயக்காரரின் சொந்தக் குரல் நாடாவில் கிடைத்தால் இந்தக் குறை தீரும். கொங்கு நாட்டு வாசகர்கள் இதைப் பெரியசாமித் தூரனோடு (1908–1987) ஒப்பிட்டுப் பார்க்கலாம். தமிழின் முதல் கலைக்களஞ்சியத்துக்குத் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்த அவர் ஈரோடு மாவட்டத்து மோடக்குறிச்சிப் பகுதியைச் சேர்ந்தவர். நூற்றுக்கணக்கான கீர்த்தனைகளை எழுதியவர். தூரனின் பாட்டுகளை நாம் அறிவது பிறர் குரலில்தான். ஜி.என்.பி.யைப் பொறுத்தவரை எழுதிய கையும் பாடிய வாயும் ஒருவருடையவை. ஆகவே அவர் தம் கிருதியைப் பாடிய பத்து நிமிட நாடா, அந்தக் கிருதியின் மூல ஏட்டுக்குச் சமம்.

இசைத்தட்டு தராதது

ஜி.என்.பி.க்கு இசைத்தட்டுகளும் உண்டு. ஆனால் நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் பழைய தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாகத்தான் ஓடும். ஆலாபனை, நிரவல், கற்பனைச் சுரம், தனி ஆவர்த்தனம் என்று மூன்று நான்கு மணி நேரம் விரியும் கச்சேரியை அதில் அடைக்க முடியாது. நாகசுரக்காரர் வாசிப்பதுபோல் மின்னல் வேகத்தில் விழும் பிருகாக்களே ஜி.என்.பி.யின் பெருமை, இராகத்தை நிதானமாக வளர்த்து உச்சிக்குப் போய் அவற்றைக் கொட்டும்போதுதான் அவற்றின் அழகு தெரியும். தட்டில் விரல் நொடிக்குள் முடிந்துவிடும்.

காந்த நாடாவில் பதியும் கருவியை ஜெர்மனியின் ஏ.இ.ஜி. நிறுவனம் 1935இல் பெர்லின் கண்காட்சியில் காட்டியது. கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளின் கணவரும் நாடக மேடையின் பெருங்குரலுமான எஸ். ஜி. கிட்டப்பா அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1933இல், இருபத்தேழு வயதில் இறந்துவிட்டார். அந்த இணை மேடையில் பாடியது காற்றோடு போயிற்று. தட்டுகள் மட்டும் எஞ்சின.

ஜி.என்.பி.க்கு அந்த அளவு இழப்பு இல்லை, ஆனாலும் இழப்பு உண்டு. அவர் குரல் உச்சத்தில் இருந்தது 1930களிலும் 40களிலும். தமிழ்நாட்டு ரசிகர் வீடுகளில் டேப் ரெக்கார்டர் புழங்கத் தொடங்கியது 1950களில். அப்போது அவர் குரலில் தளர்வு தென்படத் தொடங்கியிருந்தது. இன்று இளைஞர்கள் ஒரு நாடாவைக் கேட்டுவிட்டு ‘இவரையா அப்படிப் புகழ்ந்தார்கள்?’ என்று கேட்பதற்குக் காரணம் இதுதான். பிற்பகல் வெயிலைப் பார்த்து நண்பகலை அளக்கக் கூடாது. கற்பனை மட்டும் அந்த நாடாக்களிலும் சிறிதும் குறையவில்லை என்பதைக் கவனித்துக் கேட்பவர் உணர்வர்.

பெட்டியின் மேல் எழுதியிருப்பது

நாடாப் பெட்டியின் மேல் உள்ள இடமும் தேதியும் பல வேளைகளில் தவறாக இருக்கும். படி எடுத்தவர், படிக்குப் படி எடுத்தவர் என்று கை மாறும்போது பெயர் மாறிவிடும். உலகப் புகழ் பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அமெரிக்கப் பாடகரும் பாட்டாசிரியருமான பாப் டிலன் 1966இல் இங்கிலாந்தில் பாடிய ஒரு கச்சேரி, இலண்டன் ‘ராயல் ஆல்பர்ட் ஹால்’ கச்சேரி என்ற பெயரில் பல ஆண்டுகள் திருட்டுத் தட்டாக உலவியது. உண்மையில் அது அவ்வாண்டு மே 17 அன்று மான்செஸ்டர் நகரின் ஃப்ரீ டிரேட் ஹாலில் பாடியது. 1998இல் நிறுவனமே முறையாக வெளியிட்டபோதும் தவறான பெயரை மேற்கோள் குறிக்குள் வைத்தே வெளியிட வேண்டியதாயிற்று. அந்த அளவுக்கு அது நிலைத்துவிட்டது.

ஜி.என்.பி. நாடாவின் காலத்தை அறியப் பக்கவாத்தியம் உதவும். மிருதங்கம் பழனி சுப்பிரமணிய பிள்ளை என்றால் அந்தக் கச்சேரி 1962க்குப் பிற்பட்டதாக இருக்க முடியாது. அவர் அவ்வாண்டு மறைந்தார். வயலினில் வழக்கத்துக்கு மாறான கனத்த நாதம் கேட்டால், ஏழு தந்தி வயலின் வாசித்த மைசூர் சௌடையாவாக இருக்கலாம். லால்குடி ஜெயராமன் என்றால் காதுக்குப் பழகியவர் சில நொடியில் சொல்லிவிடுவார்.

சுருதியும் ஏமாற்றும். பழைய கருவிகள் பலவற்றில் மோட்டாரின் வேகம் மின்சாரத்தைப் பொறுத்தது. பதியும்போது கருவி மெதுவாக ஓடி, பிறகு சரியான வேகத்தில் கேட்டால் சுருதி ஏறிவிடும். வேகத்தில் ஏறத்தாழ 6 விழுக்காடு வேறுபட்டால் அரைக் கட்டை மாறும். குரல் மெலிந்து, பிருகா இயல்புக்கு மீறிய வேகத்தில் விழும். ஜி.என்.பி. போன்ற வேகப் பாடகருக்கு இது இரட்டைக் கெடுதல். நல்ல மற்றொரு பதிவின் தம்பூராச் சுருதியோடு ஒப்பிட்டுத் திருத்துவதே வழி.

நடுவில் பாட்டு அறுந்து போவதற்கும் காரணம் உண்டு. ஏழு அங்குல ஸ்பூலில் 1,200 அடி நாடா இருக்கும். நொடிக்கு ஏழரை அங்குல வேகத்தில் அது 32 நிமிடம் ஓடும். ஸ்பூல் மாற்றும் நேரத்தில் பாடியது போனது போனதுதான். நாடா விலை கருதிப் பாதி வேகத்தில் பதிந்தவர்களுக்கு 64 நிமிடம் கிடைத்தது. ஆனால் ஒலியின் மேல் நுட்பங்கள் மங்கின. விலை காரணமாகவே வானொலி நிலையங்களிலும் நாடாவை அழித்து மறுபடி பதியும் வழக்கம் இருந்தது. இங்கிலாந்தின் பி.பி.சி.யும் இதற்கு விலக்கல்ல. ஆகவே தனி ரசிகர்கள் வீட்டில் பதிந்து வைத்தவை முக்கியமாகின்றன.

வீட்டில் ஸ்பூல் இருந்தால்

கோவை வானொலி நிலையம் தொடங்கியது 1966இல். அதுவரை கொங்குப் பகுதியினர் 1939இல் தொடங்கிய திருச்சி நிலையத்தையே கேட்டனர். வானொலிக் கச்சேரியை வீட்டில் பதிந்த ஸ்பூல், அட்டாலி என்று கோவைப் பக்கம் சொல்லும் பரணில் இன்னும் கிடக்கலாம். கிடைத்தவுடன் பழைய கருவியில் போட்டுப் பார்க்கக் கூடாது. முதல் ஓட்டமே கடைசி ஓட்டமாகிவிடும்.

முதலில் ஸ்பூலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தால் அது அசிட்டேட் நாடா; 1950களில் மிகுதியாகப் புழங்கியது. காடி (வினிகர்) வாடை வீசினால் அது சிதையத் தொடங்கிவிட்டது. நாளுக்கு நாள் சுருங்கி, மொறமொறவென்று ஒடியும். வெளிச்சம் தெரியாவிட்டால் பாலியெஸ்டர். பிற்காலப் பாலியெஸ்டர் நாடாக்கள் சில, ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். அவற்றைத் தொழில் அறிந்தவர்கள் மெல்லிய சூட்டில் உலர்த்திப் படி எடுப்பார்கள். அதே சூட்டை அசிட்டேட் நாடாவுக்குக் கொடுத்தால் நாடா பாழ். இரண்டையும் குழப்பிக்கொள்வதே பெரிய ஆபத்து.

ஓட்டுக்கு அடியில் உள்ள பரண் கோடையில் அடுப்பு மாதிரி கொதிக்கும். அங்கிருந்து இறக்கி, நிழலான உலர்ந்த அலமாரியில் ஸ்பூலை நிமிர்த்து வைக்கலாம். மோட்டார், ஒலிபெருக்கி போன்ற காந்தமுள்ள பொருள்கள் அருகில் வேண்டா. பெட்டியின் மேல் இருக்கும் எழுத்து தவறாகத் தோன்றினாலும் அதைத் திருத்தாமல், நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். படி எடுக்கும்போது 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் சுருக்காத கோப்பாக வைப்பது காப்பகங்களின் வழக்கம். இரைச்சலை நீக்குவது, வேகத்தைத் திருத்துவது எல்லாம் அதன் நகலில் மட்டுமே. எம்.பி.3 கேட்பதற்கு, காப்பதற்கு அன்று.

உரிமை பற்றியும் ஒரு சொல். இந்தியச் சட்டப்படி ஒருவர் தம் வாழ்நாளில் வெளியிட்ட படைப்புகளின் பதிப்புரிமை அவர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் நீடிக்கும். ஜி.என்.பி.யின் அத்தகைய கிருதிகளுக்கு அது 2025 முடிவோடு தீர்ந்தது. ஒலிப்பதிவின் உரிமையும் பாடியவர், வாசித்தவர் உரிமையும் இதிலிருந்து வேறு. இணையத்தில் ஏற்றுமுன் விசாரித்துக்கொள்ள வேண்டும். ஒரு படியைக் காப்பகத்தில் சேர்க்க விரும்புவோர் சென்னை மியூசிக் அகாதெமியையோ, 1982 முதல் இயங்கும் குருகிராம் இனவிசையியல் ஆவணக் காப்பகத்தையோ அணுகலாம். மூல ஸ்பூலை, படி எடுத்தான பிறகும், தூக்கி எறியக் கூடாது.