மலைநாட்டில் தொலைதூர வானொலி: கையடக்கப் பெட்டியைத் தெரிவு செய்தல்

1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழருள் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. குடும்பங்கள் பாக்கு நீரிணையின் இருமருங்கிலும் பிரிந்து வாழ நேர்ந்த அக்காலத்தில், கடவுச்சீட்டின்றி எல்லை கடந்தவற்றுள் வானொலி அலையும் ஒன்று. கொழும்பின் வர்த்தக ஒலிபரப்பைத் தமிழகம் கேட்டது. 1939இல் தோன்றிய திருச்சிராப்பள்ளி நிலையத்தைக் கண்டிக் குன்றுகள் கேட்டன. இன்று கைத்தொலைபேசி அவ்விடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டது உண்மையே. ஆயினும், 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிலவியபோது, மின்கலத்தில் இயங்கும் சிறு பெட்டியின் பயனைப் பலரும் மீண்டும் உணர்ந்தனர். எத்தகைய பெட்டி தொலைநிலையங்களை ஈர்க்கும் என்பதே இங்கு ஆராயப்படுவது.

முதலில் அலையின் இயல்பை நோக்குவோம். 88 முதல் 108 மெகாஹேர்ட்ஸ் வரையிலான பண்பலை பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்வது. ஹந்தானை போன்ற மலைத்தொடர் குறுக்கிட்டால் பள்ளத்தாக்கில் தளர்ந்துவிடும். மத்திய அலையோ நூற்றுக்கணக்கான மீற்றர் அலைநீளமுடையது. திருச்சி ஒலித்துவந்த 936 கிலோஹேர்ட்ஸ் மீடிறனுக்கு அலைநீளம் சுமார் 320 மீற்றர். இத்தகைய அலை மலைமுகடுகளை ஓரளவு வளைந்து கடக்கும். பகலில் அயனமண்டலத்தின் கீழ்ப்படை வான்வழி செல்லும் அலையை உறிஞ்சிவிடுகிறது. இரவில் அப்படை மறைய, மேற்படைகள் அலையைப் பூமிக்குத் திருப்புகின்றன. எனவே கண்டியிலிருந்து ஏறத்தாழ 440 கிலோமீற்றர் தொலைவிலுள்ள திருச்சியும், 640 கிலோமீற்றர் தொலைவிலுள்ள சென்னையும் இரவிலேயே வலுப்பெறுகின்றன.

வாங்குவோர் பொதுவாக வெளியே நீளும் உலோகக் கம்பியைப் பார்த்துப் பெட்டியை மதிப்பிடுவர். அது பண்பலைக்கும் சிற்றலைக்கும் உரியது. மத்திய அலையை வாங்குவது பெட்டியினுள் கம்பி சுற்றப்பட்ட பெரைற் தண்டு. தண்டு நீளமாயின் ஈர்ப்பும் மிகும். ஆகவே சட்டைப்பையில் அடங்கும் மிகச்சிறு பெட்டியிலும், சற்று அகன்ற பெட்டி தொலைநிலையங்களுக்கு உகந்தது. அலைவரிசைகளின் எண்ணிக்கையோ ஒலிபெருக்கியின் உரத்த குரலோ இக்குறையை ஈடுசெய்யா.

தண்டுக்குத் திசையுணர்வும் உண்டு. அதன் பக்கம் நிலையத்தை நோக்கின் ஒலி உச்சமடையும். முனை நோக்கின் மங்கும். சென்னை நமக்கு ஏறத்தாழ நேர்வடக்கே இருத்தலால், அதனைக் கேட்கத் தண்டு கிழக்கு மேற்காகக் கிடத்தல் வேண்டும். வேறு திசையிலிருந்து இடையூறு செய்யும் நிலையமொன்றை நோக்கித் தண்டின் முனையைத் திருப்பி, அதனைத் தணிக்கவும் இயலும்.

அடுத்தது தேர்திறன். நம் பிராந்தியத்தில் மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹேர்ட்ஸ் இடைவெளியில் அமைகின்றன. அமெரிக்கக் கண்டத்தில் அது 10. எண்காட்டியுள்ள பெட்டியாயின் 9க்கு மாற்றும் வசதி இன்றியமையாதது. அருகிலுள்ள வலிய நிலையம் அயல் மீடிறனிற் பரவி மெலிந்த நிலையத்தை விழுங்காதிருக்கப் பட்டையகலத்தைக் குறுக்கும் வசதியும் வேண்டும். குறுக்கும்போது இசையின் இனிமை குறையும். பேச்சின் தெளிவு மிகும். செய்தி கேட்போருக்கு இது நட்டமன்று.

இன்றைய பெரும் பகை இரைச்சலே. எல்.ஈ.டி. விளக்குகளும் தொலைபேசி மின்னேற்றிகளும் மத்திய அலையில் இடையறாத இரைச்சலை எழுப்பவல்லன. ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்து வாழும் லயன் அறைகளில் அயலவர் விளக்கும் நம் பெட்டியைத் தாக்கும். மின்வெட்டின்போது மெலிந்த நிலையங்கள் திடீரெனத் தெளிவதற்குக் காரணம் இதுவே. ஆதலால், எங்கும் கிடைக்கும் சாதாரண மின்கலத்தில் இயங்கி, வெளித்திண்ணைக்கு எடுத்துச் செல்லத்தக்க பெட்டியே சிறந்தது. கடையிற் சோதிப்பவர் விளக்குகளுக்குக் கீழ் நின்று முடிவு செய்யாது, வாசலுக்கு வந்து மெலிந்த நிலையமொன்றைப் பிடித்து, பெட்டியைச் சுழற்றிப் பார்த்தல் வேண்டும். வலிய நிலையத்தை எந்தப் பெட்டியும் பாடவைக்கும்.

விலையுயர்ந்த பெட்டி எல்லோர்க்கும் எட்டுவதன்று. 60 சென்ரிமீற்றர் பக்கமுள்ள மரச்சட்டத்தில் 12 முதல் 14 சுற்றுக் கம்பியைச் சுற்றி, முனைகளைப் பழைய வானொலியின் மாறுங் கொள்ளளவியுடன் இணைத்தால் நல்லதோர் அலைவாங்கி கிடைக்கும். கொள்ளளவியைத் திருப்பி நிலையத்துக்கு இசைவித்து, பெட்டியை அதனருகே வைத்தாற் போதும். இணைப்புக் கம்பி வேண்டியதில்லை. மலிந்த பெட்டியும் இதனால் தொலைநிலையங்களைப் பிடிக்கும்.

ஒரே நிகழ்வை இரு கரைகளின் வாயாலும் கேட்டு ஒப்பிடுவோன் எளிதில் ஏமாற்றப்படான். அவ்வாய்ப்பு வசதி படைத்தோர்க்கு மட்டும் உரியதாகிவிடலாகாது. பெரைற் தண்டின் நீளமும் கம்பிச் சுற்றின் கணக்கும் தோட்டத்து இளைஞருக்கும் தெரிந்திருத்தல் வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனாலேயே.