பட்டம் பெற்ற பின் மருத்துவராக விரும்பும் பிள்ளைகள்



ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். அமெரிக்காவில் வாழும் ஒரு குடும்பம். மகள் பொருளாதாரத்தில் நான்காண்டுப் பட்டம் பெற்றவள். இரண்டு ஆண்டுகளாக வேலையிலும் இருக்கிறாள். ஒருநாள் இரவு உணவு வேளையில் அவள் மெல்லச் சொல்கிறாள்: "வாப்பா, எனக்கு இந்த வேலையில் மனம் ஒட்டவில்லை. நான் மருத்துவம் படிக்க வேண்டும்." தந்தைக்குத் திகைப்பு. "அப்படியானால் படித்த நான்கு ஆண்டுகளும் வீண்தானா?" என்று கேட்கிறார். தாயின் கவலையோ வேறு. "இனிமேல் படித்து எப்போது முடிப்பாய்? வயது என்ன ஆகும்?" என்கிறார்.

இரண்டுமே நியாயமான கேள்விகள்தாம். கோபத்தாலும் கண்ணீராலும் இவற்றுக்கு விடை கிடைக்காது. விவரம் தெரிந்தால்தான் கிடைக்கும். அந்த விவரத்தைத் தங்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இது என்ன படிப்பு?

நம் நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்ததும் நீட் தேர்வு எழுதி நேரடியாக மருத்துவக் கல்லூரியில் சேருகிறார்கள். அந்த வயதில் தவறிப்போனால் வாசல் மூடிவிட்டது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அமெரிக்காவின் முறை வேறு. அங்கே பெரும்பாலோர் முதலில் நான்காண்டுப் பட்டம் பெற்று, அதன் பின்னரே மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறார்கள். அந்தப் பட்டம் அறிவியலில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வரலாறு படித்தவரும் விண்ணப்பிக்கலாம். வணிகவியல் படித்தவரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் ஆகிய பாடங்களை ஆய்வுக்கூடப் பயிற்சியோடு முடித்திருக்க வேண்டும். உயிர்வேதியியலையும் புள்ளியியலையும் பல கல்லூரிகள் எதிர்பார்க்கின்றன.

பட்டம் பெற்ற பிறகு இப்பாடங்களைப் படிப்பதற்காக அமைந்ததே 'போஸ்ட்-பேக்' எனப்படும் பட்டத்திற்குப் பிந்தைய முன்மருத்துவப் படிப்பு. இதன் முடிவில் பெரும்பாலும் புதிய பட்டம் எதுவும் கிடைப்பதில்லை. மருத்துவக் கல்லூரியின் கதவைத் தட்டும் தகுதியை இது தருகிறது. ஆகவே, முன்பு படித்த நான்கு ஆண்டுகள் வீண் அல்ல. அந்தப் பட்டம் இருப்பதால்தான் இந்த வழியே திறக்கிறது. பல் மருத்துவம், கால்நடை மருத்துவம் போன்ற துறைகளை நாடுவோரும் இவ்வழியைப் பயன்படுத்துகின்றனர்.

இரு வகையினர்

விண்ணப்பிக்கும் முன் பிள்ளை தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி, "நான் எந்த வகை?" என்பதாகும்.

முதல் வகையினர் அறிவியல் பாடங்களையே படிக்காதவர்கள். மேலே நாம் கண்ட மகள் இவ்வகையைச் சேர்ந்தவள். இரண்டாம் வகையினர் அறிவியல் பாடங்களைப் படித்தும் போதிய மதிப்பெண் பெறாதவர்கள். இவ்விரு வகையினருக்கும் தனித்தனிப் படிப்புகள் உள்ளன. முதல் வகையினருக்கான படிப்புகள் பலவற்றில், தேவையான பாடங்களில் பெரும்பகுதியை ஏற்கெனவே முடித்தவர்களைச் சேர்ப்பதில்லை. இதை அறியாமல் விண்ணப்பித்து, கட்டணத்தையும் ஓர் ஆண்டையும் இழப்பவர் உண்டு.

அழியாத ஏடு

இரண்டாம் வகையினரின் பெற்றோர் இப்பகுதியைக் கூர்ந்து படிக்க வேண்டும்.

எம்.டி. பட்டம் தரும் மருத்துவக் கல்லூரிகளில் பெரும்பாலானவை 'ஆம்காஸ்' என்னும் பொது விண்ணப்ப முறையின் மூலமே மாணவர்களைச் சேர்க்கின்றன. அதில் மாணவர் இதுவரை பயின்ற ஒவ்வொரு கல்லூரியையும், ஒவ்வொரு பாடத்தையும் குறிப்பிட்டாக வேண்டும். பாதியில் விட்ட பாடமும் அதில் அடங்கும். தோற்ற பாடத்தை மீண்டும் படித்து நல்ல மதிப்பெண் பெற்றாலும் பழையது அழிவதில்லை. இரண்டுமே கணக்கில் சேர்கின்றன. டி.ஓ. பட்டம் தரும் கல்லூரிகளின் விண்ணப்ப முறையில் புதிய மதிப்பெண் பழையதன் இடத்தைப் பிடிக்கும் சலுகை முன்பு இருந்தது. 2017ஆம் ஆண்டில் அதுவும் நீக்கப்பட்டுவிட்டது.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு மாணவர் 120 கிரெடிட்டுகளில் 3.0 என்ற சராசரியோடு பட்டம் பெற்றிருக்கிறார். போஸ்ட்-பேக் படிப்பில் மேலும் 32 கிரெடிட்டுகள் எடுத்து, அத்தனையிலும் முழு மதிப்பான 4.0 பெறுகிறார். அவருடைய மொத்தச் சராசரி இப்போது என்ன? வெறும் 3.21 மட்டுமே! ஓராண்டுக் கடும் உழைப்பு ஏட்டை அவ்வளவுதான் நகர்த்துகிறது.

2024ஆம் ஆண்டில் எம்.டி. படிப்புக்குச் சுமார் 52,000 பேர் விண்ணப்பித்து, சுமார் 23,000 பேர் சேர்ந்தனர். சேர்ந்தவர்களின் சராசரி 3.8ஐ ஒட்டியிருந்தது. இந்த இடைவெளியை அறியாமல் பிள்ளையிடம், "இன்னும் ஒரு வருடம் படி, எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்வது அன்பாகத் தோன்றலாம்; ஆனால் அது உண்மையான ஆறுதல் அல்ல.

அப்படியானால் நம்பிக்கையே இல்லையா? இருக்கிறது. அறிவியல் பாடங்களின் சராசரி ஆம்காஸில் தனியாகக் கணக்கிடப்படுகிறது. போஸ்ட்-பேக் மதிப்பெண்களும் தனி வரியில் காட்டப்படுகின்றன. முன்பு 40 அறிவியல் கிரெடிட்டுகளில் 2.8 பெற்றவர், புதிய 32 கிரெடிட்டுகளில் 4.0 பெற்றால் அவருடைய அறிவியல் சராசரி 3.33 ஆகிறது. தேர்வுக் குழுவினர் மொத்த எண்ணை மட்டும் பார்ப்பதில்லை, ஏறுமுகத்தையும் பார்க்கின்றனர். முதல் வகையினருக்கோ போஸ்ட்-பேக் பாடங்கள்தாம் ஏறத்தாழ முழு அறிவியல் சராசரியும். அங்கே பெறும் ஒவ்வொரு மதிப்பெண்ணும் அவர்களை உயர்த்தும், தவறினால் தாழ்த்தும்.

ஆகவே நினைவில் நிறுத்துங்கள்: பழையது அழியாது, புதியது சேரும். வேலைக்கும் சென்றுகொண்டு, வீட்டுப் பொறுப்பையும் சுமந்துகொண்டு, இதையும் ஒரு கை பார்க்கலாம் என்று இறங்குவோர் ஏட்டில் மேலும் ஒரு குறையைச் சேர்த்துவிட நேரும்.

எங்கே படிப்பது?

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் போஸ்ட்-பேக் படிப்பு 1955இல் தொடங்கியது. இவ்வகைப் படிப்புகளில் மிகப் பழமையானது. பிரின் மார், கௌச்சர், ஸ்கிரிப்ஸ் ஆகிய கல்லூரிகளின் படிப்புகள் முதல் வகையினருக்காகப் பெயர் பெற்றவை. ஹார்வர்டு எக்ஸ்டென்ஷன் பள்ளியில் மாலை வகுப்புகள் உண்டு. இவையன்றி, பல மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் இத்தகைய படிப்புகள் நடைபெறுகின்றன. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் இப்படிப்புகளின் பட்டியலைப் பேணி வருகிறது. தேடலை அங்கிருந்து தொடங்குவது நல்லது.

விளம்பரத்தில் காணும் வெற்றி விழுக்காட்டை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது என்று மூன்றையும் தனித்தனியே கேளுங்கள். நலிந்த மாணவர்கள் இடையிலேயே விலகிவிட, எஞ்சியவர்களை மட்டும் கணக்கிட்டால் எந்த விழுக்காடும் உயர்வாகவே தெரியும். கல்லூரிக் குழு அனைவருக்கும் பரிந்துரைக் கடிதம் தருமா, ஆய்வுக்கூட வகுப்புகளில் இடம் உறுதியா, வழிகாட்டும் ஆலோசகர் உண்டா என்பவற்றையும் கேட்டறியுங்கள்.

விண்ணப்பத்தில் என்ன வேண்டும்?

முன்பு பயின்ற அனைத்துக் கல்லூரிகளின் மதிப்பெண் சான்றுகள், பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று பரிந்துரைக் கடிதங்கள், பணி மற்றும் தொண்டு விவரங்கள், ஒரு கட்டுரை ஆகியவை பொதுவாகத் தேவைப்படும். பல படிப்புகள் குறைந்தது 3.0 சராசரியை எதிர்பார்க்கின்றன. பெயர் பெற்றவற்றுக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும். இடங்கள் நிரம்ப நிரம்பச் சேர்க்கை நடைபெறுவதால், கோடையில் தொடங்கும் படிப்புக்கு முந்தைய இலையுதிர்காலத்திலேயே விண்ணப்பிப்பது அறிவுடைமை.

இவற்றுள் கடினமானது கட்டுரைதான். "ஏன் மருத்துவம்?" என்பதே அதன் கேள்வி. "மக்களுக்குச் சேவை செய்ய" என்று எழுதினால் போதாது. செவிலியரும் சேவைதான் செய்கிறார். ஆசிரியரும் சேவைதான் செய்கிறார். மருத்துவராகத்தான் வேண்டும் என்பதற்குப் பிள்ளை தன் அனுபவத்திலிருந்து விடை சொல்ல வேண்டும். அதற்கு முதலில் அனுபவம் வேண்டும். மருத்துவமனையிலோ, ஏழைகளுக்கான இலவச மருத்துவ நிலையத்திலோ, முதியோர் இல்லத்திலோ ஆறு மாதங்களேனும் தொடர்ந்து தொண்டு செய்யட்டும். ஒரு மருத்துவருடன் கூடவே இருந்து அவருடைய அன்றாடப் பணியைக் கவனிக்கட்டும். இதற்குச் செலவு அதிகம் இல்லை. நோயின் வாடையையும் நோயாளியின் கோபத்தையும் கண்ட பிறகும் ஆசை நிலைக்கிறதா என்பது அப்போது தெரிந்துவிடும். நிலைக்கவில்லை என்றால், பெருஞ்செலவுக்கு முன்பே தெரிந்ததே என்று நிம்மதி அடையுங்கள்.

பெற்றோரே! அந்தக் கட்டுரையைத் தாங்கள் எழுதித் தராதீர்கள். பிறர் எழுத்தைத் தன் எழுத்தாகக் காட்டித் தொடங்கும் பயணம் நல்ல பயணம் ஆகாது. நேர்முகத்தில் அமர்ந்து பதில் சொல்லப் போவதும் பிள்ளைதான். கல்லூரியில் ஒழுங்கு நடவடிக்கை ஏதேனும் நிகழ்ந்திருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். ஒப்புக்கொண்ட தவறுக்கு விளக்கம் தர இடம் உண்டு. மறைத்து வைத்த தவறு பின்னர் வெளிப்பட்டால் கிடைத்த இடமும் பறிபோகலாம். நிய்யத் தூய்மையாக இருந்தால் மட்டும் போதாது. அதைச் சொல்லும் வழியும் தூய்மையாக இருக்க வேண்டும்.

வயது என்ன ஆகும்?

தாயின் கேள்விக்கு வருவோம். 24 வயதில், 2027 ஜூன் மாதத்தில் படிப்பைத் தொடங்கும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். ஓராண்டுப் படிப்பை 2028 மே மாதம் முடிக்கிறாள். அதே பருவத்தில் எம்கேட் என்னும் நுழைவுத் தேர்வை எழுதுகிறாள். நான்கு பகுதிகள் கொண்ட இத்தேர்வு, இடைவேளைகளோடு சேர்த்து ஏழரை மணி நேரம் நீள்வது. மதிப்பெண் 472 முதல் 528 வரை. ஓர் ஆண்டில் மூன்று முறைக்கு மேல் எழுத முடியாது. வாழ்நாள் முழுவதிலும் ஏழு முறைதான். கோடையின் தொடக்கத்தில் ஆம்காஸ் விண்ணப்பத்தை அனுப்புகிறாள். நேர்முகங்கள் முடிந்து, 2029 கோடையின் இறுதியில் மருத்துவக் கல்லூரியில் சேருகிறாள். இடையே ஓர் ஆண்டு காத்திருப்பு. சில போஸ்ட்-பேக் படிப்புகள் குறிப்பிட்ட மருத்துவக் கல்லூரிகளோடு உடன்பாடு வைத்துள்ளன. மிகச் சிறந்த மாணவர்கள் அதன்மூலம் இந்தக் காத்திருப்பின்றிச் சேரலாம்.

ஆக, 26 வயதில் மருத்துவக் கல்லூரி. 30 வயதில் பட்டம். குடும்ப மருத்துவம் போன்ற துறையில் மூன்றாண்டுப் பயிற்சி முடியும்போது 33. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் சேருவோரின் சராசரி வயதே ஏறத்தாழ 24 என்பதை அறிந்தால், இவள் பெரிதாகப் பின்தங்கிவிடவில்லை என்பது விளங்கும். திருமணப் பேச்சு வரும்போது இந்தக் கணக்கை மாப்பிள்ளை வீட்டாரிடமும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். பிறகு எழும் மனக்கசப்பை அது தவிர்க்கும்.

பணம்

ஏற்கெனவே பட்டம் பெற்றவர்களுக்கு அரசின் பெல் மானியம் பொதுவாகக் கிடைப்பதில்லை. மேற்படிப்பில் சேரத் தேவையான ஆயத்தப் பாடங்களுக்கு அரசுக் கடன் உண்டு. ஆனால் தொடர்ச்சியான பன்னிரண்டு மாதங்களுக்கு மட்டுமே. மருத்துவக் கல்லூரிச் செலவையும் இப்போதே எண்ண வேண்டும். 2025ஆம் ஆண்டின் சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் பெறும் மருத்துவ மாணவர்களுக்கு அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என வரம்பு கட்டப்பட்டுள்ளது.

இக்கடன்கள் வட்டியோடு கூடியவை. வட்டியைத் தவிர்க்க விரும்பும் குடும்பங்கள், பிள்ளை விண்ணப்பிக்கும் முன்பே அமர்ந்து பேச வேண்டும். சொந்த மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகத்தில் பாடங்களைப் படிப்பது, வீட்டிலிருந்தே சென்று வருவது, இரண்டாண்டு வேலை செய்து சேமித்த பின் தொடங்குவது எனச் செலவைக் குறைக்கும் வழிகள் உள்ளன. இடம் கிடைத்த பிறகு பணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிதானமாக முடிவெடுக்க முடியாது.

இந்தியாவில் பட்டம் பெற்றவர்கள்

மணம் முடித்து அமெரிக்கா சென்ற நம் பெண்களும், மேற்படிப்புக்குச் சென்ற இளைஞர்களும் கவனிக்க வேண்டியது இது. வெளிநாட்டில் பெற்ற மதிப்பெண்களை ஆம்காஸ் தன் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே அமெரிக்காவில் பயின்ற பாடங்கள் அவசியம். குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இல்லாதவர்களைப் பல மருத்துவக் கல்லூரிகள், குறிப்பாக அரசுக் கல்லூரிகள், சேர்ப்பதில்லை. எனவே போஸ்ட்-பேக்கில் பணம் கட்டும் முன், தங்களைச் சேர்க்கக்கூடிய மருத்துவக் கல்லூரிகள் எவை என்று பட்டியல் எடுங்கள். இந்தியாவில் ஏற்கெனவே எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கு இந்தப் படிப்பு தேவையில்லை. அவர்களுக்கான தேர்வும் வழியும் வேறு.

இறுதியாக

அன்பர்களே! அந்த உணவு மேசைக்குத் திரும்புவோம். அந்த மகளிடம் தந்தை சொல்ல வேண்டியது "கூடாது" என்பதும் அல்ல, "உடனே சேர்ந்துவிடு" என்பதும் அல்ல. "முதலில் ஆறு மாதம் நோயாளிகளோடு இரு. பிறகு உட்கார்ந்து கணக்குப் போடுவோம்" என்பதே. எழுதிய ஏடு அழியாது. ஆனால் எழுதப்படாத பக்கம் இன்னும் இருக்கிறது. அதில் எழுதப் போவது பிள்ளை. அதற்கு வேண்டிய நேரத்தையும் அமைதியையும் உண்மையான தகவலையும் தருவது பெற்றோரின் பொறுப்பு.