குப்பைத் திட்டம்: ஊர் பேச வேண்டிய நேரம் எது?

குப்பை வண்டி காலை 10 மணிக்குத் தெருவுக்குள் வருகிறது. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போய்விட்ட வீட்டில் பூட்டுதான் தொங்குகிறது. வாசலில் வைத்துவிட்டுப் போன வாளியை நாய் உருட்டிவிடுகிறது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் பையைத் தெருமுனையில் போட்டுவிடுகிறார்கள். வண்டி வரும் நேரம் ஒத்துவராவிட்டால் எவ்வளவு நல்ல திட்டமும் இப்படித்தான் படுத்துவிடும். எந்தத் தெருவுக்கு எந்த நேரம் சரி என்பது அந்தத் தெருக்காரர்களுக்குத்தான் தெரியும்.

திட்டத்தை யார் போடுகிறார்கள்?

ஒன்றிய அரசு 2016 ஏப்ரலில் அறிவித்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் இதற்கு ஒரு வரிசை வகுத்தன. முதலில் மாநில அரசு கொள்கையை வகுக்க வேண்டும். அப்போது குப்பை சேகரித்துப் பிழைப்போர், சுயஉதவிக் குழுவினர் ஆகியோரோடும் கலந்தாலோசிக்க வேண்டும். கொள்கை வெளியான 6 மாதத்துக்குள் ஒவ்வொரு உள்ளாட்சியும் தன் திட்டத்தைத் தயாரிக்க வேண்டும். தரம் பிரிப்பது, கட்டணம், அபராதம் போன்றவற்றைத் துணைவிதிகள் சொல்லும்.

நாம் எங்கே பேசுவது?

கிராமத்தில் கிராம சபை இருக்கிறது. தமிழகத்தில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. நகரங்களில் 2022 முதல் வார்டுக்குள் பகுதி சபைகள் நடக்கின்றன. வண்டி நேரம், உரக்கூடத்துக்கான இடம், தூய்மைப் பணியாளருக்குக் கையுறை என எல்லாவற்றையும் இங்கே கேட்கலாம்.

பெரிய குப்பை வளாகம் வருவதாக இருந்தால்?

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 2006-இன்படி பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும். குறைந்தது 30 நாள் முன்பே நாளிதழில் அறிவிக்க வேண்டும். ஆட்சியரோ அவர் சார்பில் மூத்த அதிகாரியோ தலைமை தாங்குவார். கூட்டம் முழுவதும் வீடியோவில் பதிவாகும். முடிவில், பேசியவற்றின் சுருக்கத்தை அங்கேயே உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். பலர் அதற்குள் எழுந்து போய்விடுவார்கள். நாம் சொன்னது பதிவாகியிருக்கிறதா என்று சரிபார்க்கக் கிடைக்கும் வாய்ப்பு அதுதான்.

கிராம சபைக்கு மக்கள்தொகையைப் பொறுத்து 50 முதல் 300 பேர் வரை வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகை. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கோ கோரமே கிடையாது. நாற்காலிகள் காலியாகக் கிடந்தாலும் கூட்டம் செல்லும்.

பெரும்பாலும் ஊர் திரள்வது இந்தக் கடைசிக் கூட்டத்துக்குத்தான். அதற்குள் இடம் பார்த்து, வரைபடமும் போட்டிருப்பார்கள். “இங்கே வேண்டாம்” என்பதைத் தவிரப் பேச அதிகம் மிஞ்சாது. முன்பே பேசினால் வேறு வழி உண்டு. வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் மக்கும் குப்பை. அதை அந்தந்த வார்டிலேயே உரமாக்கிவிட்டால் வளாகத்துக்குப் போகும் லாரிகள் குறையும். அதைச் சொல்ல வேண்டிய இடம் பகுதி சபை. “எங்கள் தெருவுக்கு வண்டி 7 மணிக்கே வரட்டும்” என்று அங்கே கேளுங்கள். கேட்டதோடு விடாமல், தீர்மானப் பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.