வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலை: உரிமம் தருவது ஏஜென்ட் அல்ல

2025 ஜூலை 22ஆம் திகதி முதல், முதியோர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாடுகளிலிருந்து புதிதாக ஆளெடுக்கும் விசா வழியைப் பிரித்தானியா மூடிவிட்டது. பதிவுபெற்ற தாதியருக்கான வழி தொடர்கிறது. ஆகவே, “லண்டனில் கெயார்கிவர் வேலை, பரீட்சை இல்லை, முற்பணம் ஐந்து இலட்சம்” என்று இனி ஹட்டனிலோ தலவாக்கலையிலோ யாருக்காவது வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால், அனுப்பியவரிடம் விளக்கம் கேட்கவும் தேவையில்லை. விசாவே இல்லாத வேலைக்கு அவர் காசு கேட்கிறார்.

இப்படிப்பட்ட செய்தியை நம்ப மலையகத்தில் காரணங்கள் நிறைய உண்டு. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. 2022இன் பொருளாதார நெருக்கடி, மாதச் சம்பளக்காரரையும் விட்டுவைக்கவில்லை. அந்த ஆண்டு ஜூனில் வெளியான சுற்றறிக்கையின்படி, அரச ஊழியர்கள் பணிமூப்பையும் ஓய்வூதியத்தையும் இழக்காமல் ஐந்து ஆண்டுகள் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போகலாம் என்றானது. அரச ஆஸ்பத்திரித் தாதியர் பலர் கிளம்பினார்கள். அதைப் பார்த்து, உயர்தரம் முடித்து வீட்டிலிருக்கும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் அந்த ஆசை வந்தது.

ஆனால் இந்த இரண்டு கூட்டத்தாருக்கும் வழி வேறு. ஏமாற்றுக்காரர்கள் பிழைப்பது அந்த வித்தியாசம் தெரியாதவர்களை வைத்துத்தான்.

முதல் வழி பதிவுபெற்ற தாதியருடையது. ஒருவர் எந்த நாட்டில் தாதியாக வேலை செய்ய விரும்பினாலும், அந்த நாட்டுச் சபை முதலில் கேட்பது, “உங்கள் நாட்டில் நீங்கள் பதிவுபெற்ற தாதியா?” என்பதைத்தான். இலங்கையில் அந்தப் பதிவைத் தருவது, 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான இலங்கை தாதியர் சபை. வைத்தியர், மருந்தாளர், குடும்பநல மாது ஆகியோருக்கு இலங்கை மருத்துவ சபை. தாதியர் சபையின் பதிவு இல்லாத ஒருவரை எந்த ஏஜென்டாலும் கத்தாரிலோ கனடாவிலோ தாதி ஆக்க முடியாது.

அரச தாதியர் பாடசாலைக்குப் போக, பொதுவாக உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு வேண்டும். ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரி போல, தமிழில் அந்தப் பிரிவை நடத்தும் பாடசாலைகள் தோட்டப் பகுதிகளில் விரல்விட்டு எண்ணக்கூடியவையே. அதனால் கலைப் பிரிவு படித்த பிள்ளைகள் பலர் டவுனில் நடக்கும் ஆறுமாத, ஒருவருட ‘நர்சிங்’ வகுப்புகளில் சேர்கிறார்கள். வெள்ளை உடுப்பு, தொப்பி, பட்டமளிப்பு விழா எல்லாம் அங்கே உண்டு. பணம் கட்டுவதற்கு முன் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்தப் படிப்பை முடித்தால் தாதியர் சபையில் பதிவு கிடைக்குமா? பதிலை வகுப்பு நடத்துபவர் வாயால் கேட்பதில் பயனில்லை. சபையிடமே கேட்க வேண்டும்.

இரண்டாவது வழி பராமரிப்பாளருடையது, அதாவது கெயார்கிவர் வேலை. இதற்குத் தாதியர் பதிவு தேவையில்லை. ஆனால் தகுதியே தேவையில்லை என்று அர்த்தமில்லை. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவான நிலையத்தில் பயின்று பெறும் தேசிய தொழிற்தகைமை, அதாவது என்.வி.கியூ. சான்றிதழ், இங்கே அடிப்படை. ஜப்பான் 2019இல் தொடங்கிய ‘குறிப்பிட்ட திறன்’ விசாவில் பராமரிப்பு வேலைக்குப் போக, பொது ஜப்பானிய மொழிப் பரீட்சை, பராமரிப்புத் துறைக்கான மொழிப் பரீட்சை, பராமரிப்புத் திறன் பரீட்சை என்று மூன்றைத் தாண்ட வேண்டும். அந்த விசாவின் முதல் கட்டத்தில் மொத்தம் ஐந்து ஆண்டுகள் தங்கலாம். இஸ்ரேலுக்கோ, இரு அரசாங்கங்களின் உடன்பாட்டின்படி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகமே ஆள் தெரிவு செய்கிறது. அங்கே இடைத்தரகருக்கு இடமில்லை. 2023 அக்டோபர் 7 தாக்குதலில் இலங்கைப் பராமரிப்பாளர்களும் உயிரிழந்தார்கள் என்பதையும் போகிறவர்கள் தெரிந்துகொண்டுதான் முடிவெடுக்க வேண்டும்.

தாதியர் வழிக்குத் திரும்பினால், நாட்டுக்கு நாடு படிகள் மாறும். ஆனாலும் எல்லாமே வெளிப்படையானவை. சவூதி, எமிரேட்ஸ், கத்தார் போன்ற வளைகுடா நாடுகளில் முதலில் டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் வழியாகச் சான்றிதழ்களின் மூலச் சரிபார்ப்பு நடக்கும். படித்த இடத்துக்கும் வேலை செய்த ஆஸ்பத்திரிக்கும் பதிவு செய்த சபைக்கும் நேரடியாக எழுதி, “இது நீங்கள் கொடுத்ததுதானா?” என்று கேட்பார்கள். பிறகு கணினிப் பரீட்சை. அமெரிக்காவுக்கு என்கிளெக்ஸ். ஆஸ்திரேலியாவுக்கு, படித்த நாட்டையும் தகுதியையும் பொறுத்து, அதே என்கிளெக்ஸோடு ஒரு செயல்முறைப் பரீட்சையும்.

பிரித்தானியாவில் உரிமம் தருவது தாதியர் மற்றும் மகப்பேற்றுத் தாதியர் பேரவை. அங்கே ஆங்கிலத்துக்கு ஐ.ஈ.எல்.டி.எஸ். பரீட்சையில் வாசிப்பு, கேட்டல், பேச்சு மூன்றிலும் 7, எழுத்தில் 6.5 எடுக்க வேண்டும். மருத்துவத் துறையினருக்கான ஓ.ஈ.டி. பரீட்சையையும் ஏற்கிறார்கள். 2025இல் அந்தப் பேரவை அறிவித்திருந்த கட்டணங்கள்: தகுதி மதிப்பீட்டுக்கு 140 பவுண், கணினிப் பரீட்சைக்கு 83, பிரித்தானியா போய்ச் சேர்ந்தபின் எழுதும் செயல்முறைப் பரீட்சைக்கு 794, பதிவுக்கு 153. கூட்டினால் 1,170 பவுண், அதாவது நாலரை இலட்சம் ரூபாவுக்கு மேல். அந்த 1,350 ரூபாச் சம்பளத்தில், தோட்டத்தில் ஒருவர் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஒருநாள் விடாமல் முழுநாள் வேலை செய்தால் வரும் தொகை அது. ஆனால் இந்தப் பணம் போகவேண்டியது பேரவைக்கும் பரீட்சை நிலையத்துக்கும். அதிலும் பெரும்பகுதியைப் பல பிரித்தானிய அரச ஆஸ்பத்திரிகள் திருப்பிக் கொடுக்கின்றன. அங்குள்ள ஆளெடுப்பு ஒழுக்கக் கோவையோ, வேலை தேடித் தந்ததற்காக ஏஜென்ட் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது.

“பரீட்சையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று சொல்பவர்களும் உண்டு. அதன் விலை என்ன என்பதை நைஜீரியத் தாதியர் அறிவார்கள். இபாடான் நகரிலிருந்த ஒரு பரீட்சை நிலையத்தில் வழக்கத்துக்கு மாறாகக் குறைந்த நேரத்தில் பலர் சித்தியடைந்ததை 2023இல் பிரித்தானியப் பேரவை கண்டுபிடித்தது. ஏற்கெனவே பதிவுபெற்று வேலையிலிருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் விசாரணைக்குள் வந்தார்கள், மறுபடி பரீட்சை எழுதச் சொல்லப்பட்டார்கள். கள்ளம் செய்யாதவர்களும் அந்தச் சந்தேகத்தைச் சுமக்க வேண்டியதாயிற்று.

மலையகத்தாருக்கு இன்னொரு சிக்கல் பிறப்புச் சான்றிதழிலேயே தொடங்குகிறது. தோட்டத்தில் பதிந்த பெயர் ஒரு மாதிரி, பாடசாலை இடாப்பில் இன்னொரு மாதிரி, அடையாள அட்டையில் தகப்பன் பெயர் முதலெழுத்தாக, கடவுச்சீட்டில் அதுவே முழுப்பெயராக. சிங்களத்தில் பதியப்பட்ட தமிழ்ப் பெயர் ஆங்கிலத்துக்கு வரும்போது எழுத்து இன்னும் மாறும். உள்ளூரில் இதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. மூலச் சரிபார்ப்பில் விண்ணப்பம் நிற்க இதுவே போதும். பிரதேச செயலகத்தின் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் திருத்தத்துக்கு விண்ணப்பிக்கலாம். சிறிய வேறுபாடுகளுக்கு, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற சத்தியக்கடதாசியை ஏற்கிறார்களா என்று உரிய சபையிடம் கேட்கலாம். பரீட்சைக்குப் பணம் கட்டும் முன்பே இதை முடித்துவிடுவது நல்லது.

இப்படித் திருத்துவது வேறு, ஆவணத்தில் உள்ளதை ஏஜென்ட் மாற்றி எழுதுவது வேறு. மூதூரைச் சேர்ந்த றிசானா நபீக் 1988இல் பிறந்தவர். கடவுச்சீட்டில் 1982 என்று பதிந்து, 2005இல் அவரைச் சவூதிக்கு வீட்டுவேலைக்கு அனுப்பினார்கள். போன சில வாரங்களில் அவர் பொறுப்பிலிருந்த குழந்தை இறந்தது. குழந்தையைக் கொன்றதாக அவர்மேல் தொடுத்த வழக்கில், அவர் சிறுமி என்ற வாதம் எடுபடவில்லை. 2013 ஜனவரி 9ஆம் திகதி மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது.

பணத்தைப் பற்றி மலையகத்தாருக்குப் பழைய அனுபவம் உண்டு. தோட்டத்துக்கு ஆள்சேர்த்த பெரியகங்காணி கொடுத்த முற்பணமே கடனாகி, அந்தக் கடனை எழுதிய ‘துண்டு’ கையில் இல்லாமல் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக முடியாத காலம் இருந்தது. 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இன்றைய ஒப்பந்தங்களில் அதன் சாயல் கொண்ட ஒரு வாசகம் உண்டு: “மூன்று ஆண்டுக்கு முன் விலகினால் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும்.” எந்தச் செலவு, எவ்வளவு, காலம் போகப்போகக் குறையுமா என்பதைக் கையெழுத்துக்கு முன் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

கேரளத் தாதியர் 2015இல் கண்டது இதைவிடப் பெரிது. குவைத் வேலைக்குச் சட்டப்படி வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 19,500 இந்திய ரூபாய். கொச்சியில் ஒரு நிறுவனம் ஆளுக்கு 19.5 இலட்சம் வாங்கியதாக சி.பி.ஐ. வழக்குப் பதிந்தது. குடியகல்வோரைக் காக்க வேண்டிய அரச அதிகாரியும் அதில் சேர்க்கப்பட்டார். அதே ஆண்டு, வளைகுடா உட்பட 18 நாடுகளுக்குத் தாதியர் ஆளெடுப்பை அரச முகவரகங்களிடம் மட்டுமே இந்திய அரசு ஒப்படைத்தது.

இலங்கையிலும் சட்டம் வலுவானதுதான். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுப்பது குற்றம். அனுமதிப்பத்திரம் உள்ள நிறுவனமும் ஒவ்வொரு வேலை வாய்ப்புக்கும் தனியாக ஒப்புதல் பெற வேண்டும். அதனால் பார்க்க வேண்டியவை இரண்டு: நிறுவனத்தின் அனுமதி இலக்கம் நடைமுறையில் இருக்கிறதா, சொல்லப்படும் நாட்டுக்கும் வேலைக்கும் ஒப்புதல் இருக்கிறதா. இரண்டையும் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்தில் கேட்கலாம். பிரதேச செயலகத்திலுள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும் கேட்கலாம். தோட்டத்துக்குள் வந்து ஆள் சேர்க்கும் சப் ஏஜென்டிடம் பெரும்பாலும் சொந்த அனுமதிப்பத்திரம் இருக்காது. பணத்தை அவர் கையில் கொடுத்தால் நிறுவனம் “எங்களுக்குத் தெரியாது” என்று சொல்ல முடியும்.

“இப்போதைக்கு விசிட் விசாவில் போங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம்” என்ற பேச்சு வந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். 2022 நவம்பரில் அம்பலமான ஓமான் விவகாரத்தில், சுற்றுலா விசாவில் அனுப்பப்பட்ட இலங்கைப் பெண்கள் அங்கே கைமாற்றி விற்கப்பட்டார்கள். அதில் தூதரக அதிகாரி ஒருவரே கைதானார். பணியகத்தில் பதியாமல் போகிறவருக்கு அதன் காப்புறுதியும் கிடைக்காது.

ஏமாந்துவிட்டால், வெட்கப்பட்டு மறைப்பதுதான் ஏமாற்றியவருக்கு உதவும். வங்கிப் பற்றுச்சீட்டு, வாட்ஸ்அப் உரையாடல், குரல் பதிவு, விளம்பரத்தின் படம் எதையும் அழிக்கக் கூடாது. அனுமதி பெற்ற நிறுவனத்தோடு தகராறு என்றால் பணியகத்தின் சமரசப் பிரிவுக்கும், அனுமதியே இல்லாதவர் என்றால் அதன் விசாரணைப் பிரிவுக்கும் பொலிஸுக்கும் எழுத்தில் முறையிட வேண்டும். கட்டாயமோ கைமாற்றலோ நடந்திருந்தால் அது தண்டனைச் சட்டக்கோவையின் 360 சீ பிரிவின் கீழ் ஆட்கடத்தல். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். தமிழும் அரச கரும மொழி. கொடுத்ததற்குத் திகதியும் இலக்கமும் இட்ட துண்டைக் கேட்டு வாங்கி, பிரதி ஒன்றை வீட்டில் வைத்திருக்க வேண்டும்.