குதிரை இல்லாத விக்டோரியாவில் ஒரு சவாரி

மும்பைக்குப் புதிதாக வந்து இறங்கும் நம்மவர்கள் காதில் 'விக்டோரியா' என்ற பெயர் இரண்டு விதமாக விழும். ஒன்று வி.டி. ஸ்டேஷன். மற்றொன்று குதிரை வண்டி.

ஸ்டேஷனுக்கு 1996-ல் பெயர் மாறியது. ஆனாலும் டாக்சிக்காரரிடம் 'வி.டி.' என்றால்தான் சட்டென்று புரிகிறது. குதிரை வண்டிக்குப் பெயர் மாறவில்லை. குதிரைதான் போய்விட்டது!

2021 மார்ச் 14-ந் தேதி, பாட்டரியில் ஓடும் விக்டோரியா வண்டியை அப்போதைய முதல்-மந்திரி உத்தவ் தாக்கரே தொடங்கி வைத்தார். அதே வருஷம் நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குடும்பத்துடன் அதில் ஏறினேன். காரணம், என் மாமனார்.

மாமாவுக்கு அப்போது 78 வயது. திருநெல்வேலி ஜங்ஷனில் ஜட்கா ஓட்டியவர். ரெயிலில் வந்து இறங்குகிறவர்களை ஏற்றிக்கொண்டு, சுலோசன முதலியார் பாலம் தாண்டிப் பாளையங்கோட்டையில் கொண்டுபோய் விடுவது அவர் தொழில். ஆட்டோ வந்த பிறகு வண்டியை விற்றுவிட்டார். இரண்டு ஊசியும் போட்டவர்களுக்குத்தான் லோக்கல் ரெயிலில் அனுமதி என்றிருந்த காலம் அது. ஊசிச் சீட்டைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு மகளைப் பார்க்க வந்திருந்தார். "சினிமாவுல காட்டுவாகளே, கடலோரம் ஒரு வளைவு, அதை ஒரு தடவ பாக்கணும்" என்றார். கேட்வேயைத்தான் சொன்னார்.

ரூ.500

கேட்வே அருகே விக்டோரியா வண்டி நின்றது. பழைய சாரட்டு போலவே உருவம். முன்னால் உயரமான இருக்கை, பின்னால் பயணிகளுக்கு மெத்தை, சுற்றிலும் விளக்கு அலங்காரம். ஓட்டுகிறவர் கையில் கடிவாளம் இல்லை, ஸ்டீரிங் இருந்தது.

சின்னச் சுற்றுக்கு ரூ.500 என்றார். என் மனைவி என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் அது ஒரு வாரத்துக் காய்கறிச் செலவு. "அப்பா நாளைக்கே மறுபடி வரப்போறாங்களா?" என்று அவளே சொல்லிவிட்டு முதலில் ஏறி உட்கார்ந்தாள். பெண்ணும் தாவி ஏறினாள்.

மாமா மட்டும் ஏறவில்லை. வண்டியின் முன்பக்கம் போய் நின்று பார்த்தார். குனிந்தும் பார்த்தார்.

"என்ன மாப்ளே, குதிரையக் காங்கலையே?"

"இது பாட்டரி வண்டி மாமா. கரண்டுல ஓடுது."

"அப்ப இது கார்தானே? இதுக்கு எதுக்கு இந்த வேஷம்?"

நியாயமான கேள்விதான். எனக்குப் பதில் தெரியவில்லை.

பழைய நகரங்களைச் சுற்றிக் காட்ட வெளிநாடுகளில் 'செக்வே' என்று ஒரு வண்டி உண்டு. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே சக்கரம். நின்றபடிதான் போக வேண்டும். உடம்பை முன்னால் சாய்த்தால் ஓடும், பின்னால் சாய்த்தால் வேகம் குறைந்து நிற்கும். நம் நாட்டிலும் சில பெரிய ஸ்டேஷன்களில் ரெயில்வே பாதுகாப்புப் படைக்காரர்கள் அதில் நின்று போவதை வாசகர்கள் பார்த்திருக்கலாம். அமெரிக்காவில் டீன் கேமன் என்பவர் அதை 2001-ல் வெளியிட்டபோது நகரங்களின் போக்குவரத்தையே மாற்றப்போகிறது என்று பெரிதாகப் பேசினார்கள். 2020-ல் அந்த வண்டியின் உற்பத்தியே நின்றுபோனது. மாமாவை அப்படி ஒன்றில் நிற்க வைத்திருந்தால் என் கதி என்ன ஆகியிருக்கும்! விக்டோரியாவில் உட்கார்ந்து போகலாம். அந்த மட்டுக்கும் நல்லது.

சத்தம் இல்லை

வண்டி கிளம்பியதே தெரியவில்லை. அவ்வளவு அமைதி. குளம்புச் சத்தம் இல்லாதது மாமாவுக்கு என்னவோ போலிருந்தது. கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

ஓட்டுகிறவருக்கு ஐம்பதுக்கு மேல் வயது. இருபது வருஷம் குதிரை விக்டோரியா ஓட்டியவராம். அவரே வழிகாட்டி. இந்தியில் சொல்லிக்கொண்டே வந்தார். என் பெண் தாத்தாவுக்குத் தமிழில் சொன்னாள். என் இந்தி ஆபீசுக்குப் போதும். அவள் இந்தி தெருவுக்கே போதும்.

"இந்த வாசல் வழியாகத்தான் இங்கிலாந்து ராஜா உள்ளே வந்தார்" என்று கேட்வேயைக் காட்டினார். இதை மட்டும் நான் திருத்த வேண்டியதாயிற்று. ஐந்தாம் ஜார்ஜ் வந்தது 1911-ல். அப்போது இங்கே நின்றது அட்டையில் செய்த மாதிரி வளைவு. கல் கட்டடம் முடிந்து திறந்தது 1924-ல்தான். ராஜா வந்த வழி என்பதைவிட வெள்ளைக்காரப் பட்டாளம் போன வழி என்பதே சரி. 1948 பிப்ரவரி 28-ந் தேதி கடைசி ஆங்கிலப் படை இந்த வளைவின் வழியாகத்தான் கப்பலேறியது.

"போன வழின்னா சந்தோஷம்" என்றார் மாமா.

ரீகல் தியேட்டரைத் தாண்டினோம். மியூசியத்தின் வெள்ளைக் கோபுரம் மரங்களுக்கு மேலே தெரிந்தது. கேட்வேயைக் கட்டிய ஜார்ஜ் விட்டெட்தான் இதையும் கட்டினார். அதற்கு அடுத்தது காலா கோடா. அதாவது கறுப்புக் குதிரை.

இந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. பின்னால் ஏழாம் எட்வர்டு ஆன இளவரசர், குதிரை மேல் உட்கார்ந்திருப்பது போன்ற கறுப்புச் சிலையை 1879-ல் ஆல்பர்ட் சசூன் என்ற செல்வந்தர் நகரத்துக்குக் கொடுத்தார். ஜனங்கள் இளவரசரைக் கண்டுகொள்ளவில்லை. குதிரையின் பெயரையே இடத்துக்கு வைத்துவிட்டார்கள். 1965-ல் சிலையை எடுத்துவிட்டார்கள். அது இப்போது பைகுல்லா மிருகக்காட்சி சாலைத் தோட்டத்தில் இருக்கிறது. 2017-ல் அதே காலா கோடாவில் புதிதாக ஒரு கறுப்புக் குதிரையை வைத்தார்கள். அதன் மேல் ஆள் இல்லை.

"அங்கே ஆள் இல்லாத குதிரை, இங்கே குதிரை இல்லாத ஆள்!" என்று ஓட்டுகிறவர் தன்னையே காட்டிச் சிரித்தார். பல பேரிடம் சொல்லிப் பழகிய வேடிக்கை போலிருந்தது. மாமா சிரிக்கவில்லை.

எதிரிலேயே இரும்புச் சட்டம் போட்ட ஒரு பழைய கட்டடம். அந்தக் காலத்தில் வாட்சன் ஓட்டல். இரும்பெல்லாம் இங்கிலாந்தில் செய்து கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டது. 1896 ஜூலை 7-ந் தேதி லூமியேர் சகோதரர்களின் அசையும் படத்தை இந்தியாவில் முதன்முதலாக அங்கேதான் காட்டினார்கள். நம் ஜனங்களின் சினிமாப் பைத்தியத்துக்குப் பிள்ளையார் சுழி போட்ட இடம்! எத்தனையோ நாள் வி.டி.யிலிருந்து இந்த வழியே வேகவேகமாக நடந்திருக்கிறேன். ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்தது கிடையாது. மெதுவாகப் போகும் வண்டியில் உயரத்தில் உட்கார்ந்தால்தான் இரண்டாவது மாடி என்று ஒன்று இருப்பதே தெரிகிறது.

பிளோரா பவுண்டன் வந்ததும் பெண் கேட்டாள்: "போர்ட், போர்ட்னு சொல்றாங்களே, கோட்டை எங்கேப்பா?"

கோட்டைச் சுவரை 1860-களில், கவர்னர் பார்ட்டில் பிரேர் காலத்தில் இடித்துவிட்டார்கள். பவுண்டன் கட்டியதும் அந்தச் சமயத்தில்தான், 1864-ல். சுவர் போன இடத்தில்தான் இந்தப் பெரிய ரோடுகளும் கட்டடங்களும் வந்தன. கோட்டை போய் 160 வருஷம் ஆகியும் பெயர் போகவில்லை.

கரண்டு வந்து குதிரை போனதும் இந்த ஊருக்குப் புதிது அல்ல. 1874 மே 9-ந் தேதி பம்பாயில் டிராம் தொடங்கியபோது அதை இழுத்தவை குதிரைகள். கொலாபாவிலிருந்து பைதோனி வரை ஒரு தடம். கம்பெனி லாயத்தில் 900 குதிரைகள் இருந்ததாகச் சொல்லுவார்கள். 1907 மே 7-ல் மின்சார டிராம் வந்தது. குதிரைகளுக்கு வேலை போயிற்று. 1964 மார்ச் 31-ந் தேதி மின்சார டிராமும் நின்றது. அத்தனைக்குப் பிறகும் தாக்குப் பிடித்தது விக்டோரியா ஒன்றுதான்.

"அதோ, அந்த வீடு"

ஓவல் மைதானத்துப் பக்கம் திரும்பியதும் ஓட்டுகிறவர் பேச்சை நிறுத்தினார். கூரான கோபுரங்களுடன் ஒரு பெரிய கருங்கல் கட்டடம். 1878-ல் கட்டி முடித்த ஐகோர்ட்டு.

"அதோ, அந்த வீட்டில்தான் எங்கள் குதிரையை நிறுத்தினார்கள்" என்று மட்டும் சொன்னார்.

பிராணிகள் மீது அக்கறை உள்ளவர்கள் பொதுநல வழக்குப் போட்டிருந்தார்கள். வெறும் பொழுதுபோக்குக்காகக் குதிரையை வண்டியில் பூட்டுவது சட்டவிரோதம் என்று 2015 ஜூனில் தீர்ப்பு. ஒரு வருஷத்துக்குள் வண்டிகளை நிறுத்த வேண்டும், அதை நம்பிப் பிழைத்தவர்களுக்கு அரசாங்கம் மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கோர்ட்டு சொன்னது. நிறுத்துவது சீக்கிரம் நடக்கும்; மாற்று ஏற்பாடு மெதுவாகத்தான் வரும். எந்த ஊரிலும் அப்படித்தானே! தீர்ப்புக்கும் பாட்டரி வண்டிக்கும் நடுவே ஆறு வருஷம். அதில் இவர் கொஞ்ச நாள் பழ வண்டி தள்ளினார், கொஞ்ச நாள் வாட்ச்மேன் வேலை பார்த்தார்.

இதே ஐகோர்ட்டில்தான் 1908 ஜூலை 22-ந் தேதி திலகருக்கு ஆறு வருஷம் தண்டனை விதித்து, மாந்தளைக்கு அனுப்பினார்கள். அதே ஜூலை 7-ந் தேதி திருநெல்வேலியில் வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனை. இதை மாமாவிடம் சொன்னேன். கட்டடத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். ஆனால் அவர் மனம் அதில் இல்லை.

பக்கத்தில் ராஜாபாய் கோபுரம், 280 அடி. கட்டுவதற்குப் பணம் கொடுத்த பிரேம்சந்த் ராய்சந்தின் தாயார் பெயர் அது. அந்த அம்மாள் சமண சமயத்தவர். பொழுது சாய்ந்தபின் சாப்பிடமாட்டார். மணி ஓசை கேட்டு நேரம் தெரிந்துகொள்ளட்டும் என்று மகன் கட்டியதாகக் கதை. மைதானத்துக்கு எதிர்ப்புறம் 1930-களின் வழவழப்பான மாடி வீடுகள். நடுவில் பையன்கள் கிரிக்கெட். இந்த இரண்டு வரிசைக் கட்டடங்களையும் சேர்த்துத்தான் 2018-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இரண்டு வண்டிக்காரர்கள்

கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். மறுபடி கேட்வே வந்துவிட்டது. அடுத்த சவாரி இன்னும் வரவில்லை. பணத்தைக் கொடுத்தேன். மாமா இறங்காமல், பேத்தியைப் பார்த்துக் கேட்டார்:

"குதிரை என்னாச்சுன்னு கேளு."

விற்றுவிட்டாராம். நாசிக் பக்கம் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர் வாங்கிக்கொண்டு போனாராம். "குதிரை என் சொந்தம். இது கம்பெனி வண்டி, சாயபு" என்றார்.

"நிறுத்தினது சரிதான்னு சொல்லு" என்றார் மாமா. பேத்தி என்னைப் பார்த்தாள். சொல்லு என்று தலையாட்டினேன்.

ஓட்டுகிறவருக்கு முகம் மாறிவிட்டது. "நான் சாப்பிடாமல் இருந்திருக்கிறேன். அதைப் பட்டினி போட்டது இல்லை" என்றார்.

"அதச் சொல்லலய்யா" என்று மாமா தமிழிலேயே நேராக அவரிடம் பேசத் தொடங்கிவிட்டார். "எங்க ஊர்ல மண் ரோடா இருந்த வரைக்கும் சரி. தார் போட்ட பெறவு லாடம் வழுக்கும். நாலு வருசத்துல முட்டி போயிரும். நொண்டுற குதிரைய அடிச்சு ஓட்டியிருக்கேன். ரெயில் வந்துட்டா சவாரி போயிருமேன்னு அடிப்பேன். வீட்ல அஞ்சு பிள்ளைக. இவளும் அதுல ஒருத்தி" என்று என் மனைவியைக் காட்டினார்.

பெண் இதை இந்தியில் சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அடித்தது என்ற இடத்தில் தயங்கினாள். ஆனால் சொல்லிவிட்டாள்.

ஓட்டுகிறவர் உடனே ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இங்கேயும் தார் ரோடுதான்" என்றார். "மழைக் காலத்தில் ரொம்ப வழுக்கும்."

இரண்டு பேரும் லாடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். எத்தனை நாளைக்கு ஒரு முறை அடிக்க வேண்டும், எத்தனை ஆணி, கொள்ளு எவ்வளவு, புல் எவ்வளவு! விலை கேட்டு வந்த ஒரு குஜராத்திக் குடும்பம் காத்துக்கொண்டு நின்றது. நான்தான் மாமாவைக் கைபிடித்து இறக்கினேன். இறங்கும்போது கடைசியாக ஒன்று கேட்டார். குதிரைக்கு என்ன பெயர் என்று.

"ராணி" என்றார் ஓட்டுகிறவர்.

வி.டி.யில் சுலோ லோக்கல் பிடித்தோம். ஞாயிற்றுக்கிழமையானதால் உட்கார இடம் கிடைத்தது. பெண் போனில் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தாத்தாவுக்குக் காட்டினாள். அவர் பார்த்தும் பார்க்காமலும் இருந்தார். தாதர் தாண்டிய பிறகு என் பக்கம் திரும்பினார்.

"என் குதிரைக்கு நான் பேரே வைக்கல மாப்ளே. 'ஏய்'ன்னுதான் கூப்பிட்டிருக்கேன். பதினோரு வருசம்."

சயான் வந்துவிட்டது. இறங்கினோம்.