ஓடிய உடம்புக்குச் சேர வேண்டியது

போலீஸ் தேர்வு, அக்னிவீர் தேர்வு என்று 1.6 கிலோமீட்டர் ஓட்டத்துக்குத் தயாராகும் பிள்ளைகள் தங்கவயலில் நிறையப் பேர். கோலார் தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்ட பிறகு அரசு வேலை என்பது ஊரிகத்துத் தொழிலாளர் லைன் வீடுகளுக்கு எவ்வளவு பெரிய பிடிமானம் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால் ஓட்டத்தில் யாரும் குறை வைப்பதில்லை. ஓடி முடித்த பிறகுதான் குறை வைக்கிறார்கள். தண்ணீர், உப்பு, சாப்பாடு, தூக்கம் எதுவும் சரியாகக் கிடைக்காத உடம்பு வலிக்கிறது. அந்த வலியைக் காட்டித்தான் மாத்திரையும் ஊசியும் டப்பா பவுடரும் விற்கப்படுகின்றன.

உழைத்த உடம்பு எப்படி மீள்கிறது என்ற கேள்வி இந்த ஊருக்குப் புதிதல்ல. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் ஆழமாக இறங்கியது. அடியில் பாறையின் வெப்பமே 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அங்கே வேலை செய்தவர்கள் மயங்கி விழுவதைப் பற்றி, இங்கே மருத்துவராக இருந்த கேப்லன் 1944-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். வெப்பம் கூடக்கூட வேலைத்திறன் எப்படிக் குறைகிறது என்று லிண்ட்சே என்பவருடன் சேர்ந்து 1946-ல் இன்னொன்று எழுதினார். அதற்கு முன்பே, 1920-களில், இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் மாஸ் என்ற ஆய்வாளர் ஒரு விஷயத்தைக் கவனித்திருந்தார். வியர்வை கொட்டக் கொட்ட வேலை செய்துவிட்டு வெறும் தண்ணீரை மட்டும் வயிறு முட்டக் குடித்தவர்களுக்குத் தசைப்பிடிப்பு வந்தது. தண்ணீரில் கொஞ்சம் உப்பு சேர்த்ததும் பிடிப்பு விட்டது. வியர்வையில் போவது தண்ணீர் மட்டுமல்ல, உப்பும்தான். நூறு வருடம் ஆகியும் இந்தச் சின்ன விஷயம் நம் மைதானங்களுக்கு வந்து சேரவில்லை என்பது எனக்கு வருத்தம்.

ஓடிய மறுநாள் தொடை கல்லாகிவிடுவது ஏன்? 'லாக்டிக் ஆசிட் தேங்கிவிட்டது' என்று பயிற்சி கொடுப்பவர்களே சொல்கிறார்கள். அது சரியல்ல. லாக்டேட் ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்திலிருந்து பெரும்பாலும் நீங்கிவிடும். பழக்கமில்லாத வேலையால் தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சிதைவுதான் காரணம். மேட்டிலிருந்து இறங்கி ஓடினால் இது இன்னும் அதிகம். வலி 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானே அடங்கும். சிதைந்ததை உடம்பு பழுதுபார்க்கும்போதுதான் தசை பலப்படுகிறது. ஆகவே ஓய்வு நாளும் பயிற்சி நாள்தான். வலி உள்ள நாளில் மெதுவாக நடக்கலாம், லேசாக சைக்கிள் மிதிக்கலாம். மறுபடி முழு வேகத்தில் ஓட வேண்டாம்.

ஆனால் எல்லா வலியும் இந்த வகையில் சேராது. பல நாள் சும்மா இருந்துவிட்டு ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் பஸ்கி எடுத்தவர்களுக்கு, வெயிலில் விடாமல் ஓடியவர்களுக்கு, தசை பெரிய அளவில் சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தை அடைத்துக்கொள்ளலாம். சிறுநீர் காபி டிகாஷன் நிறத்தில் போகும். தசை வீங்கி, தொட்டாலே வலிக்கும். அப்போது ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. ராபர்ட்சன்பேட்டை அரசு மருத்துவமனையோ வேறு எதுவோ, உடனே போய் 'கடுமையான பயிற்சிக்குப் பிறகு இப்படி ஆகியிருக்கிறது' என்று சொல்லி, ரத்தத்தில் தசைச் சிதைவைக் காட்டும் சி.கே. அளவும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த நிலையில் டைக்ளோஃபெனாக் போன்ற வலிமாத்திரையைப் போட்டுக்கொண்டு மறுபடி ஓடப் போவது மிகவும் ஆபத்து. நீர் வற்றிய உடம்பில் அந்த மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். டைக்ளோஃபெனாக் மாத்திரை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் இருக்கிறது. வலியே தெரியாமல் ஓட வைக்கும் டிராமடாலுக்கு 2018 முதல் போதைப்பொருள் தடுப்புச் சட்டமும் பொருந்தும். சீட்டில்லாமல் கொடுக்கும் கடைக்காரர் உங்களுக்குச் செய்வது உதவி அல்ல.

உப்பு, தண்ணீர் விஷயத்திலும் ஏமாற வழி இருக்கிறது. கடையில் 'ஓ.ஆர்.எஸ்.' என்று போட்டு விற்ற பல பானங்களில் சர்க்கரைதான் தூக்கலாக இருந்தது. ஐதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் இதை எதிர்த்துப் போராடினார். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானத்துக்கு அந்தப் பெயரே வைக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. உண்மையான ஓ.ஆர்.எஸ். பொடி 20.5 கிராம் பாக்கெட், ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. பாக்கெட்டில் இந்த அளவைப் பாருங்கள். அது கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு போதும். அரை மணி நேரத்துக்குள் முடிகிற சாதாரண ஓட்டத்துக்கு இதுகூடத் தேவையில்லை. தண்ணீரும் அடுத்த வேளைச் சாப்பாடும் போதும். ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உப்பைக் கூட்ட வேண்டாம்.

புரதப் பவுடர் டப்பாவைப் பொறுத்தவரை, பணம் இல்லாத வீட்டுப் பிள்ளை கடன் வாங்கி அதை வாங்குவதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கோலார் மாவட்டத்தின் கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. கொள்ளில் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் புரதம். ஒரு முட்டையில் 6 கிராம். களியும் கொள்ளுக் குழம்பும் இரண்டு முட்டையும், ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் ஓடுகிறவருக்கு நல்ல சாப்பாடு. வீட்டில் கறி எடுத்தால் இன்னும் நல்லது. அப்படியும் டப்பா வாங்கத்தான் வேண்டுமென்றால் 14 இலக்க உணவு உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள், பில் கேளுங்கள், டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள். கலப்படம் என்று சந்தேகம் வந்தால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 1800 11 2100 எண்ணில் புகார் சொல்லலாம். ஜிம்மில் ஊசி போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். போட்டிகளில் கலந்துகொள்கிறவர் என்றால், உடம்பில் தடை மருந்து இருந்ததற்கு 'எனக்குத் தெரியாது' என்ற பதில் ஊக்கமருந்து விசாரணையில் காப்பாற்றாது.

பணத்தை வாங்கிக்கொண்டு சேவை தராத ஜிம் மீதும் புகார் செய்யலாம். 'கட்டணம் திருப்பித் தரப்பட மாட்டாது' என்று ரசீதில் அச்சிட்டுவிட்டதாலேயே கதை முடிந்துவிடாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஒருதலைப்பட்சமான ஒப்பந்தத்தைக் கேள்வி கேட்க இடம் தருகிறது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் பேசுங்கள். அங்கே தீராவிட்டால், சேவை தராததற்காக இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

இந்த ஊருக்கே உரிய இரண்டு சங்கடங்கள் உண்டு. ஒன்று தூக்கம். விடியும் முன் மாரிகுப்பத்திலிருந்து ரயில் பிடித்து பெங்களூரு போய், இரவு திரும்பி, அதன் பிறகு எடை தூக்குகிறவருக்குத் தூங்க எத்தனை மணி நேரம் மிஞ்சும்? அவருக்கு என் யோசனை, வேலை நாளில் எடை தூக்குவதை விட்டுவிட்டு வார விடுமுறையில் செய்யுங்கள் என்பதுதான். தூங்காத உடம்பில் தசை சரியாகத் தேறாது. இன்னொன்று தூசி. காற்று வீசும் மாதங்களில் சயனைடு மண்மேட்டுப் பக்கம் ஓட வேண்டாம். அது அரைத்த பாறைத்தூள். அதே பாறையின் தூசிதான் சுரங்கத்துக்குள் நம் பெரியவர்களின் நுரையீரலைத் தின்றது. 1940-களில் 7,653 தொழிலாளர்களைச் சோதித்ததில் 43.7 சதவீதம் பேருக்கு சிலிக்கோசிஸ் இருந்தது. வெட்டவெளித் தூசி அந்த அளவுக்குப் போகாது. ஆனாலும் ஓடும்போது வாயால் இழுக்கும் காற்று பல மடங்கு. வேறு பாதை இருக்கும்போது அந்தப் பாதை எதற்கு?

கடைசியாகத் தேர்வு நாள். 2024 ஆகஸ்ட், செப்டம்பரில் ஜார்க்கண்டில் கலால் காவலர் தேர்வின் 10 கிலோமீட்டர் ஓட்டத்தின்போது பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இறந்தார்கள். அரசு தேர்வை நிறுத்திவைத்து, காலை 9 மணிக்குப் பிறகு ஓட விடக் கூடாது என்று சொன்னது. அதற்கு அத்தனை உயிர் போக வேண்டியிருந்தது. தண்ணீர், நிழல், மருத்துவக் குழு, ஆம்புலன்ஸ் இருக்கிறதா என்று வரிசையில் நிற்கும்போதே கேட்பது உங்கள் உரிமை. இல்லையென்றால் தேர்வு அதிகாரியிடம் எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் அனுப்பலாம். காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்த வாரத்தில் வேகத்துக்காக எதையும் விழுங்கிவிட்டு ஓடாதீர்கள்.

ஓடிய ஒருவர் உளறினாலோ தள்ளாடினாலோ, உடம்பு நெருப்பாகச் சுட்டாலோ 108-க்குச் சொல்லிவிட்டு அங்கேயே குளிர வையுங்கள். நிழலுக்கு இழுத்துச் சட்டையைக் கழற்றி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, விசிறுங்கள். ஐஸ் கிடைத்தால் கழுத்திலும் அக்குளிலும் வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஆம்புலன்ஸ் வந்து நிற்கும் வரை தண்ணீர் ஊற்றுவதை நிறுத்த வேண்டாம்.