அப்டேட் வந்தது... கணக்கு போனது!

'புதிய பதிப்பு வந்திருக்கிறது, இப்போதே மாற்றலாமா?' என்று கம்ப்யூட்டர் கேட்கும்போது நம்மவர்கள் யோசிப்பதே இல்லை. பந்தியில் 'இன்னும் கொஞ்சம் பாயசம்?' என்று கேட்டால் தலையாட்டுகிற மாதிரி, 'ஓகே' மேல் ஒரே தட்டு! அதுவும் ஜி.எஸ்.டி. கணக்கு காட்டவேண்டிய தேதி கழுத்தை நெரிக்கிற நேரமாகப் பார்த்து!

ஆலங்குடிப் பக்கம் ஒரு கடலை மண்டியில் இதை நேரிலேயே பார்த்தேன். அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் கட். யு.பி.எஸ்.ஸோ பேட்டரி போய், வெறும் அலங்காரப் பொருள். கரண்ட் வந்த பிறகு புரோகிராம் திறக்கும்; உடனே மூடிக்கொள்ளும். எந்த விவசாயிக்கு எவ்வளவு கொடுக்கணும், எந்த வியாபாரி எவ்வளவு பாக்கி, எல்லாம் அதற்குள்ளே. முதலாளி முகத்தில் ஈயாடவில்லை.

"தம்பி, மொத்தத்தையும் அழிச்சிட்டு மறுபடி போட்டா சரியாயிடுமாப்பா?"

"அண்ணே, கும்பிட்டுக் கேக்குறேன், எதையும் தொடாதீங்க!" என்றான் புதுக்கோட்டையிலிருந்து வந்த கம்ப்யூட்டர் தம்பி.

அவன் முதலில் செய்தது ரிப்பேர் இல்லை. கெட்டுப்போன டேட்டா ஃபோல்டரை அப்படியே ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்தான். "ரிப்பேர் பண்றப்ப இன்னும் கெட்டுச்சுன்னா, இந்த நிலைமைக்காவது திரும்பி வரலாம்ல?"

விஷயம் இதுதான். புது பதிப்பு, பழைய பேரேட்டைத் தன் வசதிப்படி வேறு கட்டம் போட்டு எழுதிக்கொள்ளும். பாதி எழுதியபோது நின்றுவிட்டால், பழைய புரோகிராமுக்கும் புரியாது, புதியதற்கும் புரியாது. திரிசங்கு சொர்க்கம்! கரண்ட்தான் என்றில்லை, டிஸ்க்கில் இடம் இல்லாவிட்டாலும், அடுத்த மேஜையில் யாராவது அதே கணக்கைத் திறந்து வைத்திருந்தாலும் இதே கதிதான்.

தம்பி இன்னொரு கம்ப்யூட்டரில் பழைய பதிப்பைப் போட்டு, முந்தின நாள் ராத்திரி எடுத்த பேக்கப்பை ஏற்றினான். அன்றைய பில்களைப் புத்தகத்தைப் பார்த்து மறுபடி அடித்தார்கள். டிரையல் பேலன்ஸ் இரண்டு பக்கமும் சமம். முதலாளி சிரித்தார்.

இங்கேதான் பி.காம். படித்த அடியேன் மூக்கை நுழைத்தேன். ஒரு பில் முழுசாகவே காணாமல் போனாலும் டிரையல் பேலன்ஸ் சமமாகத்தான் இருக்கும். பற்றும் போச்சு, வரவும் போச்சே! ஆகவே கடைசி பில் நம்பர், கல்லாவில் உள்ள ரொக்கம், பாங்க் பாஸ்புக், மூன்றையும் ஒத்துப் பார்க்கணும். பார்த்தோம். இரண்டு பில் குறைந்தது!

மண்டிக்காரரை விடுங்கள், ஜாம்பவான்களே வழுக்கியிருக்கிறார்கள். உலகெங்கும் உள்ள புரோகிராமர்கள் தங்கள் வேலையைச் சேமித்து வைக்கிற கம்பெனி கிட்லேப். 2017 ஜனவரி 31 அன்று ஒரு இன்ஜினீயர், கோளாறைச் சரிசெய்யும்போது தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிகாபைட்டில் மிஞ்சியது 4.5!

'பேக்கப் இருக்கே' என்று ஓடிப் பார்த்தால்... காலி! டேட்டாபேஸ் 9.6 பதிப்பு; பேக்கப் எடுக்கிற கருவி ஓடியதோ பழைய 9.2 பதிப்பில். அது தினமும் 'என்னால் முடியலை' என்று எழுதிய மெயில்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரம் முன்பு வேறு வேலைக்காக எடுத்த ஒரு காப்பிதான் மானத்தைக் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத்து டேட்டா போனது போனதுதான்.

ஆக, அப்டேட்டுக்கு முன் பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது. அதை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்க்கணும். திறக்காத பேக்கப்பும் பூட்டித் தொலைந்த பெட்டிச் சாவியும் ஒன்று!

நம்ம குடுமியான்மலையில் சங்கீத சுரங்களைப் பாறையில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகியும் படிக்க முடிகிறது. அப்டேட்டே கிடையாது! ஆபீஸ் கணக்கைப் பாறையில் வெட்ட முடியாதே, என்ன செய்ய?

சரி சார், நீங்கள் கடைசியாக எடுத்த பேக்கப் திறக்கிறதா? சாயங்காலம் கிளம்பும் முன் ஒரு தடவை பார்த்துடுங்களேன்!